விதை வங்கிக்குள் நுழையாத விதைகள்

நார்வேக்கு வடக்கே, வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவில் மலையைக் குடைந்து ஒரு விதைக் கிடங்கு அமைத்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அக்கிடங்கில், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செண்டிகிரேடு குளிரில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உறங்குகின்றன. இதைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் வழக்கமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பார்கள்: உலகமே அழிந்தாலும் நம் பயிர்களின் விதைகள் பத்திரமாக இருக்கும் என்று. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இவ்வாக்கியத்தை நீங்களும் படித்திருக்கக்கூடும்.

இதைச் சற்று உரைத்துப் பார்ப்போம். அக்கிடங்கில் நெல் இருக்கிறது, கோதுமை இருக்கிறது, பயறு வகைகள் இருக்கின்றன. ஆனால் மாங்கொட்டைக்கும் பலாக்கொட்டைக்கும் தேங்காய்க்கும் அங்கே இடமில்லை. மலைக்குள் இடம் போதாது என்பதால் அல்ல. கொண்டுபோய் வைத்தால் அவை செத்துவிடும் என்பதால். முக்கனிகளில் இரண்டு இப்படி வெளியே நிற்கின்றன. மூன்றாவதான வாழையில் நாம் உண்ணும் வகைகளுக்கு விதையே கிடையாது. ஆக, முக்கனியில் ஒன்றுகூட விதையாக அந்த வங்கிக்குள் போகாது!

விதை வங்கி வீண் என்று சொல்ல வரவில்லை. சிரியா நாட்டில் அலெப்போ நகருக்கு அருகே இருந்த பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று போரினால் தன் விதைக் கிடங்கைப் பயன்படுத்த முடியாமற் போனபோது, ஸ்வால்பார்டில் தான் முன்பே வைத்திருந்த கோதுமை, பார்லி, பயறு விதைகளை 2015-இல் திரும்பப் பெற்று, வேறு நாடுகளில் மீண்டும் பயிராக்கியது. போட்ட பணம் வட்டியோடு வந்தது போல்தான். என் குறை வேறு. நெல்லுக்கும் கோதுமைக்கும் பொருந்தும் ஓர் ஏற்பாட்டை "விதைகள்" என்று பொதுப் பெயர் சூட்டிச் சொல்லும்போது, பொருந்தாதவை கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன. தெரியாமற் போனதற்குத் தஞ்சைச் சீமை என்ன விலை கொடுத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் நெல்லின் கதை. விதை நெல்லைக் களத்தில் நன்றாகக் காயவைத்து, கடித்துப் பார்த்து, 'நறுக்'கென்று உடைந்தால் சேமிப்பது நம் ஊர் வழக்கம். அந்த 'நறுக்' ஒலிக்கு விஞ்ஞானம் கொடுக்கும் எண் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீத ஈரப்பதம். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானி இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் இரட்டிக்கும்; வைக்கும் இடத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி குறையும்போதெல்லாம் மீண்டும் ஒரு முறை இரட்டிக்கும். ஈரப்பதத்தை 14-இலிருந்து 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஆறு இரட்டிப்புகள், அதாவது 64 மடங்கு. வெப்பநிலையை 30-இலிருந்து 20 டிகிரிக்குக் குறைத்தால் மேலும் 4 மடங்கு. இரண்டும் சேர்ந்து 256 மடங்கு! இது தோராயமான விதிதான். ஒரு விதை எந்த ஆண்டு சாகும் என்று சோதிடம் சொல்ல இதைப் பயன்படுத்தக்கூடாது. ஆயினும் விதை வங்கிகள் அனைத்தும் இந்த அடிப்படையின் மேல்தான் நிற்கின்றன: உலர்த்து, பின் குளிரவை.

ஏன் இப்படி? மிட்டாய்க் கடையில் இதற்கு விடை உண்டு. கற்கண்டும் ஆரஞ்சு மிட்டாயும் சர்க்கரைதான். கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. ஆரஞ்சு மிட்டாயில் அவை அடுக்கப்பட நேரமின்றி, நின்ற இடத்திலேயே உறைந்துபோகின்றன. இதைக் கண்ணாடி நிலை என்கிறோம். பார்க்கத் திடப்பொருள்; உள் அமைப்பில் ஓட மறந்த திரவம். நெல் விதை முற்றும்போது அதன் உயிரணுக்களில் சர்க்கரைகளும் சில தனிப்பட்ட புரதங்களும் சேர்கின்றன. நீர் வெளியேற வெளியேற, உயிரணுவின் உட்பொருள் ஆரஞ்சு மிட்டாயைப் போலக் கண்ணாடியாகிறது. அதற்குள் எந்த மூலக்கூறும் எளிதில் நகர முடியாது. ஆகவே சிதைவும் மெதுவாகவே நடக்கிறது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் மிட்டாய் பிசுபிசுக்கிறதல்லவா? சிறிதளவு ஈரம் ஏறினாலும் கண்ணாடி இளகிவிடும். ஹாரிங்டனின் ஒரு சதவீதத்துக்கு அவ்வளவு வலிமை இருப்பதன் காரணம் இதுவே.

இந்த இயல்பைத் திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் எவ்வளவு அழகாகப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன், 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். நெல் திருவிழாவுக்கு வந்த விவசாயிக்கு 2 கிலோ விதை. அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். துருவத்துக் குளிர் இல்லாமலே நடந்த விதை வங்கி அது. ஆனால் இந்த ஏற்பாடு நடக்க, விதை ஒரு பருவம் முழுவதும் பையில் கிடந்தும் சாகாமல் இருக்க வேண்டும். அவ்வுதவியை நெல் செய்தது. பலா செய்யுமா?

பழுத்து மிஞ்சிய பலாப்பழத்தை அறுக்கும்போது சில கொட்டைகள் உள்ளேயே முளைவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பலா விதைக்கு உறக்கம் என்பதே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பழத்திலிருந்து எடுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ தண்ணீர். நெல்லைப் போல அது தாய்ச்செடியிலேயே காய்ந்து ஒடுங்குவதில்லை. விழும் நாளிலும் அதன் உயிரணுக்கள் சுவாசிக்கின்றன, வேலை செய்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு மெல்ல மெல்ல நீரை நிறுத்தினால் என்ன ஆகும்? எல்லாப் பொறிகளும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. சில நிற்கும், சில ஓடும். இடையில் தேங்கும் கழிவு தீங்கு செய்யும். பாதி உலர்ந்த விதையிலும் அப்படித்தான்: சமநிலை குலைந்து, தீவிரமான ஆக்சிஜன் வகைகள் பெருகி, உயிரணுச் சவ்வுகளைக் கெடுக்கின்றன. சரி, உலர்த்தாமல் அப்படியே குளிரில் வைப்போம் என்றால், உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டிப் படிகமாகி உயிரணுவைச் சிதைக்கிறது. மா, கொக்கோ போன்ற வெப்பமண்டல விதைகள் பல, உறையும் அளவுக்குப் போவானேன், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரைக்கூடத் தாங்குவதில்லை. மாடியில் காயவைத்த பலாக்கொட்டை குழம்புக்கு ஆகும், கொல்லைக்கு ஆகாது.

"உலர்த்தவும் வேண்டாம், உறைய வைக்கவும் வேண்டாம், ஈரமாகவே வைத்திருந்தால் என்ன?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு நம் டெல்டாவின் கடைமடையில் ஒரு மரம் விடை வைத்திருக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மிகுதியாக இருக்கும் மரத்துக்கு அவிசீனியா மரைனா என்பது தாவரவியல் பெயர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வாளர்கள் ஃபாரன்ட், பாமென்டர், பெர்ஜாக் ஆகியோர் இதே மரத்தின் விதையை ஆராய்ந்து 1986-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ஈரத்தில் வைத்த விதை சும்மா இருக்கவில்லை; முளைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது. நாள் செல்லச் செல்ல அது உலர்வுக்கு மேலும் மேலும் அஞ்சுவதாயிற்று. ஈரத்தில் காப்பது என்பது உண்மையில் முளைப்பை மெல்ல நடத்துவதுதான். சில வாரம் கிடைக்கும், சிலவற்றில் சில மாதம். ஆண்டுகள் கிடைக்கா.

வரலாற்றிலும் இதற்கு ஒரு கசப்பான கணக்கு உண்டு. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மற்றவை செத்தே வந்து சேர்ந்தன. பிழைத்த கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. நம் மக்கள் போய் உழைத்த ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அதுதான்.

இப்படிப்பட்ட விதைகளுக்கு அறிவியல் ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரில்தான் எனக்குச் சண்டை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்ஸ், 1973-இல் விதைகளின் ஆயுளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், விதைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். உலர்த்திக் குளிரவைத்தால் ஆயுள் கூடுபவை 'ஆர்த்தடாக்ஸ்'. அப்படிக் கூடாதவை 'ரீகால்சிட்ரன்ட்'. முன்னதை ஆசார விதை எனலாம். பின்னதற்கு இலத்தீன் வேரில் குதிகாலால் உதைப்பது என்று பொருள். நம் மொழியில் சொன்னால் சண்டிமாடு!

அக்கட்டுரையின் பெருமையைக் குறைக்க முடியாது. அதுவரை 'ஆயுள் குறைந்த விதைகள்' என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தவற்றை, எந்த விதிக்குப் பணியவில்லை என்று தெளிவாகக் காட்டியது அதுதான். ஆனால் சண்டித்தனம் யாருடையது? ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கும் காட்டில், விழுந்த சில நாட்களில் முளைப்பதே ஒரு விதைக்கு நல்லது என்றால், அது உறங்கக் கற்றுக்கொள்ளவில்லை என்று குறை சொல்வது எந்த நியாயம்? இப்பெயர்கள் விதையின் இயல்பைச் சொல்லவில்லை. கிடங்குக்காரரின் வசதியைச் சொல்கின்றன. 'உலர்வு தாங்கும் விதை', 'உலர்வு தாங்கா விதை' என்று நேராகச் சொன்னால் தமிழ் மாணவருக்கு இலத்தீனும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

பெயரைவிடப் பெரிய குறை, இரண்டே கூட்டம் என்ற எண்ணம். எலுமிச்சை விதையை உலர்த்தினால் செத்துவிடும் என்றுதான் நெடுநாள் கருதினார்கள். 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதன் மேலுறையை நீக்கிவிட்டு முளைக்கப் போட்டபோது, உலர்ந்த விதை முளைத்தது. திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்ததும் முளைத்தது. செத்தது என்று கைவிட்ட விதை, உண்மையில் தாமதமாக முளைக்கும் விதை! 1990-இல் ராபர்ட்ஸும் அவருடைய கூட்டாளிகள் எல்லிஸ், ஹாங் ஆகியோரும் காப்பி விதையை ஆராய்ந்து, இடைப்பட்ட மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு என்றனர். தாம் போட்ட கோட்டைத் தாமே திருத்தியது அவருக்குப் பெருமை. நம் வேம்பையும் இடைப்பட்டதில்தான் பலர் சேர்க்கின்றனர். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவு வேறுபடுகிறது. எந்த ஊர் மரம், காய் எவ்வளவு முற்றியபோது பறித்தது, எவ்வளவு வேகமாக உலர்த்தியது என்பவையெல்லாம் கணக்கில் வரும். உலர்வைத் தாங்கும் திறன் படிக்கட்டு அல்ல, ஒரு சரிவு. பாடநூல்கள் மட்டும் இன்னும் படிக்கட்டாகவே வரைகின்றன.

பழமரம் என்றாலே உலர்வு தாங்காது என்று எண்ணிவிடவும் வேண்டாம். புளி, கொய்யா, சீத்தா விதைகள் நன்றாக உலர்த்திச் சேமிக்கத்தக்கவை. இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-இல் முளைத்தது. பாலைநிலத்து மரமும் மழைக்காட்டு மரமும் ஒரே பாடம் படித்தவை அல்ல.

இனி, நாம் கொடுத்த விலைக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்ததை எல்லோரும் அறிவோம். தென்னையோடு வேதாரண்யத்து மாமரங்களும் வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாமரங்களும் வேரோடு விழுந்தன. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பலாத் தோப்புகளை இப்படித்தான் வீழ்த்தியது.

இப்போது மாதங்களை எண்ணிப் பாருங்கள். நம் பகுதியில் மாவும் பலாவும் பழுப்பது சித்திரை முதல் ஆடி வரை. புயல் வருவது ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். புயல் அடிக்கும் நாளில், விழுந்த மரத்தின் உயிருள்ள விதை ஒன்றுகூட எந்த வீட்டிலும் இருக்காது. முந்தைய பருவத்து விதை முளைத்திருக்கும், இல்லாவிட்டால் செத்திருக்கும். மூழ்கிய சம்பாவுக்கு வேறு ஊரிலிருந்து விதை நெல் வரும், ஆடுதுறையிலிருந்து வரும், எங்கும் இல்லாவிட்டால் டெல்லிக் கிடங்கிலிருந்தும் வரும். கொல்லைப் பலாவுக்கு அப்படி வர ஓர் இடம் இல்லை.

நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கன்று கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். மாவிலும் பலாவிலும் ஒரு குறிப்பிட்ட சுவையைக் காப்பாற்ற ஒட்டுதான் சரியான வழி. பெரும்பாலான இந்திய மா வகைகளில் விதைக் கன்று தாயைப் போல இராது. ஆனால் ஒட்டுக் கன்றுகள் தேர்ந்தெடுத்த சில மரங்களின் படிகள். கொட்டை போட்டு முளைத்த நாட்டு மரங்களிலோ ஒவ்வொன்றும் தனி மரம். ஒன்று தேன் போலினிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும், ஒன்று நோய்க்கு அசையாது நிற்கும். நாளைக்கு ஒரு நோயோ வறட்சியோ வந்தால் தேடப்போவது அந்த மூன்றாவது மரத்தை. கஜாவில் போனது அது.

ஆராய்ச்சி உலகம் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தில், முழு விதையை விட்டுவிட்டு, அதனுள் இருக்கும் கருவச்சை மட்டும் நுணுக்கமாக வெட்டியெடுத்துக் காக்கும் முறையை வளர்த்தார்கள். சாண்டல், ரேகா சௌதுரி முதலியோர் தேயிலை, கொக்கோ, பலா ஆகிய மூன்றின் விதைகளையும் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. முழு விதையைவிட அதன் கருவச்சு உலர்வை அதிகம் தாங்குகிறது என்று காட்டினார்கள். இதில் இயற்பியலுக்கும் பங்குண்டு. வெப்பமோ ஈரமோ ஒரு பொருளுக்குள் பரவி வெளியேற ஆகும் நேரம், அதன் பருமனின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. 3 செண்டிமீட்டர் பலாக்கொட்டைக்கும் 3 மில்லிமீட்டர் கருவச்சுக்கும் நீளத்தில் 10 மடங்கு வேறுபாடு. நேரத்தில் 100 மடங்கு. நாள்கணக்கில் உலர்வது நிமிடக்கணக்காகிறது. சமநிலை குலையும் ஆபத்தான கட்டத்தை அது ஓடியே கடந்துவிடுகிறது. பின்பு பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் போட்டால், மிச்சமிருக்கும் நீர் படிகமாக நேரமின்றிக் கண்ணாடியாகிறது. நெல் தானே செய்துகொள்வதை, இங்கே மனிதன் அவசர அவசரமாகச் செய்து கொடுக்கிறான்.

அழகான வேலைதான். ஆனால் இதையும் "பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் சமையற்குறிப்பு வேண்டும். கருவச்சை வெட்டும் காயத்திலேயே தண்டு நுனி செத்து, வேர் மட்டும் வளர்வதும் உண்டு. குழாயிலிருந்து எடுத்ததைச் செடியாக்கத் திசு வளர்ப்புக் கூடம் வேண்டும். ஆதிரெங்கத்து விவசாயி 2 கிலோப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனது போல, இதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இன்னொரு வழி, மரங்களையே தோட்டமாக வைத்துக் காப்பது. லக்னோவில் மாவுக்கும், கர்நாடகத்துக் கிடுவில் தென்னைக்கும் அப்படிப்பட்ட தோட்டங்கள் உள்ளன. நல்ல ஏற்பாடு, ஆனால் மரத்தோட்டத்தைப் புயலும் நோயும் ஒரே நாளில் தொட முடியும் என்பதைக் கஜா நமக்குக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டாவது ஊரில் ஒரு படி வேண்டும்.

2018-இல் கியூ தோட்ட ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். உலகின் மர இனங்களில் 33 சதவீதமும், அழிவின் விளிம்பில் நிற்கும் தாவரங்களில் 36 சதவீதமும் உலர்வு தாங்கா விதையுடையவை என்பது அவர்கள் கணக்கு. மூன்றில் ஒன்றுக்கு மேல்! கண்காட்சிப் பலகையில் "விதைகள் பத்திரம்" என்று எழுதும் மாணவர்கள், இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதட்டும்.

இன்னொரு பக்கத்தாரையும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், வங்கியும் வேண்டாம் நைட்ரஜனும் வேண்டாம் என்போர் சிலர். பத்தாயமும் குதிரும் நெல்லுக்காக எழுந்தவை. பலாவுக்கு முன்னோர் செய்தது, தின்ற கையோடு கொட்டையைக் கொல்லையில் ஊன்றியதுதான். கொல்லையும் ஆற்றுப் படுகைத் தோப்பும் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. மனைகளாக அவை பிரிந்தபின் போதவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரும் பருவத்தில் ஊரில் நல்ல நாட்டுப் பலா ஒன்றின் பழத்தை அறுக்கும்போது, பருத்த கொட்டைகளாகப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் சதையும் வழுவழுப்பும் போகக் கழுவுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். வெயிலில் போடாதீர்கள். நிழலில் மேல் ஈரம் மட்டும் ஆறவிட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான தென்னை நார்க் கழிவிலோ மரத்தூளிலோ புதைத்து, சில ஓட்டைகள் போட்ட பாலிதீன் பையில், வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வேண்டாம். வாரம் ஒரு முறை திறந்து பார்த்து, அழுகியதை எறிந்து, முளைவிட்டதை உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். சில வாரங்கள் தாங்கும். அடுத்த ஊர் உறவினருக்கு ஐந்து கொட்டை கொடுக்க அந்த வாரங்கள் போதும். எந்த மரம், யார் கொல்லை, என்ன சுவை என்று ஒரு சீட்டில் எழுதிப் பையோடு கட்டிக் கொடுங்கள்.